புகை ஆகாத அறை

"சிகரட் மணத்தோட வந்தீங்கெண்டா பட்டுப்புழு செத்திரும்" என்று மனைவி நபீலா சொன்னதும், டொக்டர் மிரட்டியும் மசியாத காலிதீன் புகைப்பதையே விட்டார். புழுக்களின் நித்திரை கலையாதிருக்க, தன் வீட்டிலேயே பூனைபோல் நடந்தார். புழு அறைக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

இன்று ஆசை தாங்காமல் ஒன்று வாங்கி, பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி வேலியோரம் வந்தார். உள்ளே பக்கத்து வீட்டு றிப்னாவின் குரல் கேட்டது.

"ராத்தா, பட்டுக்கூடு விலை விழுந்து, நீங்க புழு வளர்க்கிறத விட்டு ரெண்டு மாசமாச்சே. அறையை ஏன் இன்னும் பூட்டி வச்சிருக்கீங்க?"

"மெதுவாக் கதை புள்ள. வெறும் அறையெண்டு தெரிஞ்சா மனுசன் திரும்ப ஊதத் தொடங்கிருவார். கூடு வித்து நான் கண்டது ஒண்டுமில்ல. அவருக்கு இருமல் நிண்டதுதான் எனக்கு லாபம்."

காலிதீன் சிகரட்டைக் கசக்கி எறிந்தார். நுனிக்காலில் உள்ளே வந்து, ரகசியமாகக் கேட்டார்:

"புழு நித்திரையா?"

"ஓம்" என்றாள் நபீலா.