ஏலக்காய்க்கு ஒரு ப்ரோகிராம்

"பாரு ஆத்தா, கிளிப்பச்சை!" சவுகத் அலி ஒரு கைப்பிடி ஏலக்காயை முத்துப்பிரியாவின் மேசையில் கொட்டினார். "நீ ப்ரோகிராமை மாத்துனதுல இருந்து ஒரு காய்கூட நெறம் மங்கலையே!"

முத்துப்பிரியா தலை குனிந்துகொண்டாள். யாராவது பாராட்டினால் அவளுக்குப் பேச்சு வராது.

போடிமெட்டுக்கு மேலே மலையில் அவருக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அங்கே சூட்டைக் கூட்டிக் குறைப்பது ஒரு கம்ப்யூட்டர். அதற்கான ப்ரோகிராமைக் கீழே போடியில் அவருடைய ஆபீசில் எழுதி அனுப்புவார்கள். முதலில் எழுதியவன் எதிர் மேசை விஜயபாண்டி. ஒரு லோடு கருகிப்போனதும் வேலை இவள் கைக்கு வந்தது. இன்று அவனுக்கு வேலையில் கடைசி நாள்.

"நீயும் எழுதுனியே மாப்ளே! ஏலக்காயைக் குடுத்தா காப்பிக்கொட்டையால்ல வறுத்துக் குடுத்த?"

"தப்புதான் பாய். ஆனா மறுநாளே சரிபண்ணி அனுப்பிட்டேன்னு சொன்னேனே. நீங்கதான் காதுல வாங்கல."

"அதைச் சோதிச்சுப் பாக்க இன்னொரு லோடைக் குடுக்கச் சொல்றியா?"

"வீட்ல அடுத்த மாசம் பிரசவம் பாய். அதுவரைக்குமாச்சும்..."

"ஒரு சோலிக்கு ரெண்டு ஆளு எதுக்குப்பா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

விஜயபாண்டி தன் சாமான்களைப் பையில் போட்டு மூடினான். பிறகு எழுந்து முத்துப்பிரியாவின் மேசைக்கு வந்தான்.

"நான் போனப்பறம் எதுவும் நின்னுடக் கூடாது. நீ எப்படி அனுப்புறன்னு ஒரு தடவை காட்டு."

மாற்றங்களைச் சேமித்து அனுப்பும் சாஃப்ட்வேரைத் திறந்தாள். சேமிக்கும் கட்டளையைத் தட்டி, கடைசியில் '-n' சேர்த்தாள்.

"அது எதுக்கு?"

"சோதனையெல்லாம் ஓடி முடிய நேரமாகுதுண்ணே. மைனஸ் என் போட்டா சோதிக்காம சேமிச்சிரும்."

"அடிப்பாவி!" அவன் சிரித்தான்.

அடுத்து ஸ்டோருக்கு அனுப்பும் கட்டளை. அதன் வாலிலும் '-n'. வழக்கம்போலத் திரையில் இரண்டு மூன்று வரிகள் வந்து நின்றன.

"முடிஞ்சுதுண்ணே."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அனுப்புறதுக்கும் அதையேவா போடுவ?"

"ஆரம்பத்துல இருந்தே. ஏண்ணே?"

"சேமிக்கும்போது அதுக்கு 'சோதனை வேணாம்'னு அர்த்தம். அனுப்பும்போது 'சும்மா ஒத்திகை பாரு'ன்னு அர்த்தம். போன மாதிரியே காட்டும். போகாது."

"ஒரே சாஃப்ட்வேரு, ஒரே எழுத்துண்ணே!"

"அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

மலை மேலிருக்கும் கம்ப்யூட்டரில் இப்போது ஓடுவது என்ன என்று திறந்து பார்த்தாள். நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தாள்.

நாற்காலி சாய்ந்து விழ, ஜன்னலுக்கு ஓடினாள். ஆபீசில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில் தெருவைப் பார்த்துக் கத்தினாள்:

"பாய்! வெரசா மேல வாங்க பாய்!"

திரையில், ஸ்டோரில் ஓடும் ப்ரோகிராமைக் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் விஜயபாண்டியின் பெயர்தான் இருந்தது. அவள் எழுதியதில் ஒரு வரிகூட இன்னும் போடியைத் தாண்டியிருக்கவில்லை.