இரண்டு மணிக் காட்சி

'மதியம் இரண்டு மணிக் காட்சியில் மொத்த ஜனமும் உட்கார்ந்தபடியே தூங்குகிறது. நடத்துகிற மனிதருக்கு அது தெரிந்தும், வெட்கமே இல்லாமல் பேசிக்கொண்டே போகிறார்.'

கையெழுத்து இல்லாத அந்தப் புகாரை லோர்னா மறுபடியும் படித்தாள். அமெரிக்காவின் டூசான் நகரில் பல்கலைக்கழக அறிவியல் மையத்துக்கு அவள் இயக்குநராக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பனி கொட்டும் வடக்கிலிருந்து நேராக இந்தப் பாலைவன ஊருக்கு வந்தவள்.

கோளரங்கக் காட்சிகளை நடத்துவது யுசேபியோ. அவரா இப்படி? நம்ப முடியவில்லை.

இன்று காலைதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தியதைப் பார்த்தாள். மனிதர் ஐம்பது வயதிலும் குதித்தார், உறுமினார், வால்நட்சத்திரம் வந்தபோது தொப்பியையே தூக்கி எறிந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பெயர்ந்து விழாதது அதிசயம்.

அப்படியானால் மதியம் மட்டும் என்ன கேடு? வயிறு நிறைந்த மயக்கமா?

லோர்னாவுக்கு அரைகுறை வேலை என்றால் ஆகாது. இரண்டு மணிக் காட்சியை ரத்து செய்யும் உத்தரவை டைப் செய்து வைத்துவிட்டாள். நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

வெளியே மலைமேல் மழை மேகம் திரண்டு, ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சில்லென்று இருந்தது. இருட்டியதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். தார் படிந்த சட்டைகள், கனத்த பூட்ஸ்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாளின் சட்டைக் கையெல்லாம் மாவு.

"சூரியன்... மறையுது..." யுசேபியோவின் குரல் மிதந்து வந்தது. "அவசரமே இல்ல. மெதுவாப் போகட்டும்."

தலைக்குமேல் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பூத்தன.

"அதோ, அது வேகா. பேரை ஞாபகம் வச்சுக்கணும்னு ஒண்ணும் இல்ல. தெற்கே பாருங்க, தேள். இது கொட்டாது. பாவம், அதுவும் சும்மா படுத்திருக்கு."

முதல் வரிசையில் ஒரு குறட்டை கிளம்பியது. இரண்டாவது வரிசை அதற்குத் தாளம் போட்டது. பால்வீதி குவிமாடம் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. நாற்காலியோடு சேர்ந்து தானும் மேலே போவதுபோல லோர்னாவுக்கு இருந்தது. கண் செருகியது. தொடையில் நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள்.

காலையில் அப்படி ஆடியவர் இப்போது தாலாட்டு பாடுகிறாரா! கோபம் மூக்குக்குமேல் ஏற, எழுந்து டக்டக்கென்று அவருடைய மேஜைக்கு நடந்தாள்.

யுசேபியோ பதறிப்போய் மைக்கைக் கையால் பொத்தினார். "ஐயோ மேடம், செருப்பு! செருப்பு!"

"செருப்பு கிடக்கட்டும். திரும்பிப் பாருங்க! ஒருத்தர்கூட முழிச்சுக்கிட்டு இல்ல!"

"ஒருத்தர்கூடவா?" அவர் முகம் மலர்ந்தது. "மூணாவது வரிசைல, பேக்கரி அம்மா?"

"அவங்களும்தான்! வாயைத் திறந்துக்கிட்டு!"

"அப்பாடா!" நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அவங்களுக்குத்தான் மேடம் சீக்கிரத்துல தூக்கம் வராது. நேத்து தேளைத் தாண்டி ரெண்டு ராசி இழுக்க வேண்டியதாப் போச்சு."

லோர்னா அவரை முறைத்தாள்.

"நீங்க ஊருக்குப் புதுசு," என்றார் அவர் மெல்ல. "முன்னால இருக்கறவங்க எல்லாம் வீட்டுக் கூரைக்குத் தார் பூசற வேலைக்காரங்க. வெயிலுக்குப் பயந்து காலைல நாலு மணிக்கே ஏறிடுவாங்க. பேக்கரி அம்மாவுக்கு ராத்திரி பூரா அடுப்படி. இவங்க வீட்டுல எல்லாம் தண்ணி ஊத்தற கூலர்தான். மழைக்காலப் புழுக்கம் வந்துட்டா அதுல வெறும் சத்தம்தான் வரும், குளிர்ச்சி வராது. பகல்ல எங்க போய்த் தூங்குவாங்க?"

"அதுக்கு கோளரங்கமா?"

"தூக்கக் கலக்கத்தோட கூரை ஏறினா என்ன ஆகும் மேடம்? போன ஜூலைல என் மச்சான் விழுந்தான். இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கல."

லோர்னாவின் குரல் தணிந்தது.

"நட்சத்திரம் பார்க்கணும்னே யாராவது வந்தா? அப்படி வந்த ஒருத்தர் புகார் எழுதிப் போட்டிருக்காரு."

"வாசல்லயே சொல்லிடுவேன், நாலு மணிக் காட்சிக்கு வாங்க, அமர்க்களமா இருக்கும்னு. நீங்க சொல்ற ஆள் கேக்காம உள்ள வந்துட்டாரு போல."

லோர்னா திரும்பிப் பார்த்தாள். நட்சத்திர வெளிச்சத்தில் முப்பது முகங்கள். தார் போகாத கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு ஒருவர் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். தான் செருப்புச் சத்தத்தோடு நடந்து வந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி மேடம், மணி மூணு ஆகப்போகுது. விதிப்படி நேரம் முடிஞ்சது. சூரியனைக் கொண்டு வந்துடறேன். நீங்க நாளைக்கு என்ன உத்தரவு போட்டாலும் எனக்கு வருத்தமில்ல."

அவர் கை திருகு குமிழுக்குப் போனது. லோர்னா அதைத் தடுத்தாள். குனிந்து செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இனிமே மூணே முக்காலுக்கு விடிஞ்சாப் போதும்," என்றாள் கிசுகிசுப்பாக.