இரண்டாவது அடுப்பு

“வீட்டுல ஒரே அடுப்புன்னா ஒரு குடும்பம்னு ஒரு வெள்ள நிவாரணம்தான் தருவாங்கப்பா. அதிகாரி பார்க்க வர்றப்ப மட்டும் இன்னொரு அடுப்பு வைப்போம். அவர் போனதும் எடுத்துடலாம்” என்றான் மூத்த மகன் ரஞ்சித்குமார்.

“வரிச்சிக்குடியில நம்ம குடும்பம் ஒண்ணுதான் பாகம் பிரியாம இருக்கு. காசுக்காக நடிக்கணுமா?” என்றேன்.

“நடிப்புதானேப்பா” என்றான் இளையவன்.

வயலில் நெற்பயிர் மழைநீரில் அழுகிக் கிடந்தது. சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் விவசாய அதிகாரி வந்தார். மருமகள்கள் இருவரும் ஆளுக்கோர் அடுப்பருகே நின்றார்கள். அவருக்குத் திருப்தி.

“பெரியவர் எந்த அடுப்புல சாப்பிடுறார்?”

இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

மூத்தவள் இளையவளின் அடுப்பைக் காட்டினாள். அதே நொடியில் இளையவள் மூத்தவளின் அடுப்பைக் காட்டினாள்.