பத்து வருஷ பேட்டரி

படிவத்தில் அவள் விரல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்றது.

"அஞ்சு வருஷமா, பத்து வருஷமாக்கா? சொன்னீங்கன்னா டிக் போட்டுருவேன்."

சோலார் கம்பெனியிலிருந்து வந்திருந்த இசக்கிராஜ் பேனாவை மூடாமல் காத்திருந்தான்.

மாடியை அளந்துவிட்டு வந்திருந்தான். ஆறு சோலார் தகடு நிற்கும் என்றான். தெற்கே மறைப்பு ஒன்றும் இல்லை, வெயிலுக்குக் குறைவில்லை என்றான். தகடுகளில் கேள்வியே இல்லை. கரண்ட் போனால் வீட்டைத் தாங்கும் பேட்டரியில்தான் இரண்டு வகை. ஒன்று ஐந்து வருடம் உழைக்கும். இன்னொன்று பத்து வருடம். பத்துக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதல்.

உள்ளறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக அவள் கணவர் அருமைநாயகத்தின் மூக்குக்கு அனுப்பும் மிஷின். மரம் அறுக்கும் மில்லில் முப்பது வருடம் சுவாசித்த தூசி அவர் நெஞ்சில் இருந்தது. மிஷின் கரண்டில் ஓடியது. கரண்ட் நாளுக்கு மூன்று தடவையாவது போனது.

அறைக் கதவு திறந்திருந்தது. அவருக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"வெட்டிச் செலவுட்டி," என்று நேற்றே சொல்லியிருந்தார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு. "போட்ட காசு திரும்பி வர... ஏழு வருஷம் ஆவும். அதுவரைக்கும்..."

அவள் கஞ்சி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அவர் குடித்தார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

பாளையங்கோட்டை டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம்மா.

இப்போது ஆகஸ்ட் முடிகிறது.

மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு இது ஏழாம் மாதம். அவளிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட அதை வார்த்தையாக்கவில்லை.

ஐந்து என்றால் அவர் காதில் விழும்.

பத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

ஃபேன் நின்றது.

மிஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

அவள் எழுந்து ஓடினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. குழாயை மிஷினிலிருந்து உருவி அதில் செருகினாள். சிலிண்டர் சாவி வியர்வையில் வழுக்கியது. திரும்பவும் பிடித்தாள். வழுக்கியது. அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. உதட்டின் நிறம் மாறத் தொடங்கியது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து சாவியை வாங்கியது.

இசக்கிராஜ் அரைச் சுற்றுத் திறந்தான். அளவைச் சரிசெய்தான். தண்ணீர்க் குப்பியில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். குழாயை அவர் காதுகளுக்குப் பின்னால், உரசிப் புண்ணான இடத்தை விட்டு, தள்ளி மாட்டினான்.

அவளிடம் எதையும் கேட்கவில்லை.

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

மூச்சு வந்தது.

"நல்லாருப்ப தம்பி," என்றார் அருமைநாயகம். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டம்மா... என்ன முடிவு பண்ணிருக்கா?"

இசக்கிராஜ் அவளைப் பார்த்தான்.

"பத்து வருஷம்," என்றாள். அந்தச் சின்ன அறைக்குத் தேவையானதைவிடச் சத்தமாக.

"பத்தா!" என்றார். "கிறுக்கி."

கண்ணை மூடிக்கொண்டார். மூடிய பிறகும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. குழாயை மிஷினுக்கு மாற்றினாள். அதுவரை இசக்கிராஜ் ஹாலில் உட்கார்ந்திருந்தான். அவனை அனுப்ப கேட் வரை வந்தாள்.

அவன் வண்டியை எடுக்கவில்லை.

"அக்கா, நான் இன்னும் டிக் போடல." குரல் இறங்கியிருந்தது. "வாடகைக்கே பேட்டரி கெடைக்கும். மாசத்துக்கு இவ்வளவுன்னு. மிஷினுக்கு அது போதும். எங்க அப்பாவுக்கு அப்படித்தான் எடுத்தோம்."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக அவள் ஒருத்தியாகச் சுமந்ததை இன்னொரு ஆள் தெரிந்துகொண்டு எதிரே நின்றான். பேர் தவிர வேறொன்றும் தெரியாத ஆள்.

"எத்தன மாசத்துக்கு எடுத்தீங்க?"

"ஆறு மாசத்துக்கு."

அவள் காத்திருந்தாள்.

"மூணாவது மாசமே திருப்பிக் குடுத்துட்டோம்க்கா."

எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது. நின்றது.

நல்ல பிள்ளை. தன் கம்பெனிக்கு நஷ்டமானதைச் சொல்கிறான். சரி, வாடகைக்கே பாரு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

மூன்று அறை. ஒரு ஹால். மேலே வெறும் மாடி, வெயில்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. போன மாதம்தான், வந்த இடத்தில் உங்களுக்கும் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவள் அம்மா எண்பத்தொன்பது வரை இருந்தாள்.

அடுத்த ஆகஸ்ட் வரும். அதற்கடுத்த ஆகஸ்டும் வரும். அப்போதும் கரண்ட் போகும்.

"பத்துலயே டிக் போடு தம்பி."

அவன் தயங்கினான். உள்ளே ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு..."

"அவருக்கு இல்லப்பா," என்றாள். "நான் இருக்கணும்லா."