கவிஞரை விட்டுக்கொடுத்தவர்

“முப்பத்தோரு வருஷமாக் கட்டிக் காத்த கவிஞரை ஒரே நிமிஷத்துல தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கார்யா இந்த மனுஷன்.”

நாவிதர் சஃபர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செய்தித்தாளை நீட்டினார். பாதி மழித்த கன்னத்தோடு ஊர்த்தலைவர் யதுல்லா வாங்கிப் படித்தார்.

‘கவி நமத்போஷ் பிறந்தது தூதக்கில்தான். எங்கள் ஸர்வாப் அந்த ஊரின் காலடித் தூசு. ஷிராஸ் மாநாட்டில் உஸ்தாத் கியூமர்ஸ் பேச்சு.’

நமத்போஷ் கண்மூடி எழுநூறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இரண்டு ஊரில் எதுவும் அவருக்கு ஒரு ரொட்டி கொடுத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அவர் எங்கே பிறந்தார் என்று ஸர்வாப்பின் அறிஞர் கியூமர்ஸும் தூதக்கின் அறிஞர் நஸ்ருல்லாவும் மாறி மாறி எழுதிய புத்தகங்களை ஒரு கழுதையால் சுமக்க முடியாது.

இந்த மாதக் கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வரப்போகிறது. ஜெயிக்கிற ஊருக்கு மணிமண்டபம், கூடவே தார்ச்சாலை. அந்தச் சாலையைச் சொல்லித்தான் யதுல்லா தேர்தலில் ஓட்டு வாங்கியிருந்தார்.

கன்னத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டு நேரே கியூமர்ஸ் வீட்டுக்குப் போனார்.

“வாங்க யதுல்லா. என் கண்ணு மேல காலை வெச்சு வாங்க.”

“கண்ணு இருக்கட்டும் உஸ்தாத். பேப்பர்ல இது என்ன?”

“நான் பேசினதுதான். தப்பில்லாமத்தான் போட்டிருக்கான்.”

“நீங்க பேசினது தாரோஃப். வெறும் உபசார வார்த்தை. ‘காசு எதுக்கு, கடையே உங்களுதுதான்’னு கடைக்காரன் சொல்றான். யாராவது கடையைத் தூக்கிட்டு வர்றோமா? ‘மரியாதைக்குச் சொன்னேன்’னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. போதும்.”

கியூமர்ஸ் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார்.

“எழுத மாட்டேன்ப்பா.”

“ஏன்?”

“நான் எழுதினா, அடுத்து நஸ்ருல்லாகிட்ட போய்க் கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. தூதக் ஊர்க்காரனுக்கு ஏன் பயப்படறீங்க? எவ்வளவு கொடுத்தான்?”

“டீ ஆறுது, குடிங்க” என்றார் கியூமர்ஸ்.

யதுல்லா குடிக்காமல் எழுந்து வந்தார். ஒருவர் வீட்டுத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் அந்த ஊரில் அது அறைந்ததற்குச் சமம்.

மறுநாள் ரொட்டிக் கடையில் கியூமர்ஸ் நின்றபோது கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “உங்க ரொட்டி தூதக்குல வேகுது உஸ்தாத். அங்க போய் வாங்கிக்கங்க.”

யதுல்லா சும்மா இருக்கிற ஆளில்லை. வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துத் தூதக் போனார். நஸ்ருல்லா வாயாலேயே ‘கியூமர்ஸ் பேசினது வெறும் உபசாரம்தான்’ என்று சொல்ல வைத்துவிட்டால் தீர்ந்தது.

நஸ்ருல்லாவின் மகள் மஹ்லகா கதவைத் திறந்தாள். எந்த ஊர் என்று தெரிந்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உள்ளே விட்டாள்.

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“ஸர்வாப்.” வசவுக்குத் தயாராகத்தான் சொன்னார்.

நஸ்ருல்லா எழுந்து வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார். “நமத்போஷ் பிறந்த மண்ணாச்சே.”

அதோடு நிற்கவில்லை. எந்த ஏட்டில் எந்தப் பக்கம், எந்தக் கல்வெட்டில் எத்தனையாவது வரி என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். எல்லாம் கியூமர்ஸ் எழுதிய ஆதாரங்கள்.

யதுல்லாவுக்குத் தார்ச்சாலை கண்ணெதிரே நீண்டது.

“இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா உஸ்தாத்?”

“தாராளமா. பேனா கொடு.”

பேனாவை வாங்கிக்கொண்டு காகிதம் எடுக்க அலமாரிப் பக்கம் போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு யதுல்லாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“எந்த ஊரு தம்பி?”

மஹ்லகா அப்பாவை மெல்ல உட்கார வைத்துவிட்டு யதுல்லாவோடு வாசலுக்கு வந்தாள்.

“எட்டு மாசமா இப்படித்தான் ஐயா. எதிராளி எழுதினதைப் படிச்சுப் படிச்சுத்தான் பதில் எழுதுவார். இப்போ இவர் எழுதினது எல்லாம் மறந்துபோச்சு, அவர் எழுதினது மட்டும் நிக்குது. அன்னிக்கு ஷிராஸ் மேடையிலயும் இதையேதான் பேசினார். சபை திருதிருன்னு முழிச்சுது. முன் வரிசையில ஒருத்தர் சிரிக்கவே ஆரம்பிச்சுட்டார்.”

“அப்புறம்?”

“கியூமர்ஸ் உஸ்தாத் எழுந்தார். எங்கப்பாவோட வாதம் முழுசையும் ஒரு எழுத்து மாறாமப் பேசினார். ‘நீங்க பெரிய மனசோட கவிஞரை எங்களுக்குக் கொடுத்தீங்க, நான் உங்களுக்கே திருப்பிக் கொடுக்கறேன்’னார். ரெண்டு பெரியவங்களும் ஒருத்தரை ஒருத்தர் உபசாரம் பண்ணிக்கிறாங்கன்னு எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. யாருக்கும் எதுவும் தெரியலை. பேப்பர்காரர் சாப்பிடப் போயிட்டு, கடைசிப் பேச்சுக்குத்தான் வந்தார்.”

உள்ளே பெரியவர் காகிதத்தோடு கூப்பிட்டார். “தம்பி, என்ன எழுதணும்னு சொன்னே?”

“ஒண்ணுமில்லை உஸ்தாத். உங்களைப் பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

சாயங்காலம் ஸர்வாப்பில் பஸ் நின்றபோது ஊரில் பாதி அங்கே கூடியிருந்தது.

“நஸ்ருல்லாவைப் பார்த்தியா? என்ன சொன்னான்?” என்று சஃபர் முந்திக்கொண்டு கேட்டார்.

யதுல்லா மண் சாலையில் இறங்கி, கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“பார்த்தேன். மூணு மணி நேரம் விவாதம் பண்ணினேன், அந்த ஆளை அசைக்க முடியலை. நமத்போஷ் அவங்க ஊருதான்.”