புதன்கிழமைப் புகார்

“மறுபடியும் இவளா? இந்த வாரம் என்ன செஞ்சாளாம்?”

சிறுமியின் வீட்டுக்குப் போகவிருந்த சீட்டை வாங்கிப் படித்தாள் புது டீச்சர். தலைமையாசிரியையின் குண்டு குண்டான கையெழுத்து. ஊரில் அவருக்குப் பெரிய டீச்சர் என்று பெயர்.

‘உங்கள் மகள் வகுப்பில் இருந்த மேப்பைக் கிழித்துவிட்டாள். புதன்கிழமை இரண்டு மணிக்குத் தாயார் நேரில் வரவும். தாயார் மட்டும்.’

புது டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மேப் திங்கட்கிழமை மழையில் ஜன்னலோரம் நனைந்து தானாகக் கிழிந்தது. பசை தடவி ஒட்டியதே புது டீச்சர்தான்.

அந்தச் சிறுமியோ, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. மூன்றாம் வகுப்பு, முதல் பெஞ்சு. தும்முவதற்குக்கூட அனுமதி கேட்கும் ரகம். ஆனால் பெரிய டீச்சரின் சீட்டுகளை நம்பினால், இந்த மூன்று மாதத்தில் அவள் சாக்பீஸ் பெட்டியை ஒளித்திருக்கிறாள், நேரம்கெட்ட நேரத்தில் மணி அடித்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்புப் பையனைக் கீழே தள்ளியிருக்கிறாள். அவன் இவளைப்போல் இரண்டு மடங்கு இருப்பான்!

ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் அம்மா வருவாள். பெரிய டீச்சரின் அறைக்குள் போவாள். கதவு சாத்தப்படும். ஒரு மணி நேரம் கழித்துத் தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று போய்விடுவாள்.

“ஒரு தாயை ஒரு மணி நேரமா திட்டுவாங்க?” என்று ஸ்டாஃப் ரூமில் பொருமினாள் புது டீச்சர்.

சீனியர் வாத்தியார் சிரித்தார். “இருபத்தாறு வருஷமா அந்த நாற்காலியில இருக்காங்கம்மா. ஊர்ல பாதிப் பேர் அவங்ககிட்ட பேச்சு வாங்கினவங்க. யாரு போய்க் கேட்கிறது? நீங்க வந்து மூணு மாசம்தான் ஆகுது. பேசாம இருங்க.”

பேசாமல் இருக்கத்தான் புது டீச்சருக்கு வராதே!

அந்தப் புதன்கிழமை, அம்மா உள்ளே போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. சிறுமியின் அப்பா.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். கதவை மறக்காமல் சாத்திவிட்டு வந்தார்.

“வாப்பா. என்ன திடீர்னு?”

“டி.சி. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் டீச்சர். உங்ககிட்ட படிச்சவன் நான், மரியாதையாத்தான் சொல்றேன். கடைக்குக்கூட என் பொண்டாட்டியை நான் அனுப்பறதில்ல. ஸ்கூல்ல கூப்பிடறாங்களேன்னு விட்டா, அதுவே வாராவாரம்னு ஆயிடுச்சு. பொண்ணு படிச்சது போதும். வீட்டுலயே இருக்கட்டும்.”

பக்கத்து வகுப்பில் இருந்த புது டீச்சருக்கு இது கேட்டது. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

“சார், உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மேப் மழையில நனைஞ்சு கிழிஞ்சது. இதுவரைக்கும் வந்த புகார் அத்தனையும் பொய்!”

பெரிய டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. இந்த இருபத்தாறு வருஷத்தில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

“பொய்யா?” அப்பாவின் குரல் மாறியது. “அப்போ எதுக்கு டீச்சர் அவளை வரவழைக்கிறீங்க? உள்ள என்னதான் பண்றா?”

கதவைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார்.

“நான்தான்பா கிழிச்சேன்!”

சிறுமி வகுப்பிலிருந்து ஓடி வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

“இந்த டீச்சர் அதைப் பார்க்கல. மணி அடிச்சதும் நான்தான். சாக்பீஸை ஒளிச்சதும் நான்தான். அந்த அண்ணனைத் தள்ளினதும்...” அவளுக்கு மூச்சு வாங்கியது.

அப்பா கையை ஓங்கினார். பெரிய டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க யாரும் பிள்ளையை அடிக்கக் கூடாது. டி.சி. வேணும்னா தர்றேன். ஆனா இவளை வீட்டுல வெச்சு யாரு திருத்தறது? நீயா?”

அப்பா கையைத் தாழ்த்தினார்.

“எல்லாம் இவ அம்மா கொடுக்கிற செல்லம் டீச்சர். அவளை நல்லாக் கேளுங்க. ஒரு மணி நேரம் பத்தலேன்னா ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுக் கேளுங்க!”

பைக் கிளம்பிப் போனது.

புது டீச்சருக்கு ஒன்றுமே புரியவில்லை. “ஏன் மேடம் இப்படிச் செய்றீங்க?”

பெரிய டீச்சர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு டி.சி. கொடுத்தேம்மா. நல்லாப் படிக்கிற பொண்ணு. ஏன் நிறுத்தறீங்கன்னு அவ வீட்டுல ஒரு வார்த்தை கேட்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புது டீச்சர் சிறுமியின் முன்னால் குனிந்தாள்.

“செய்யாததை எல்லாம் செஞ்சேன்னு ஏம்மா சொன்னே? ஊரே உன்னை வாலுன்னு பேசுதே!”

சிறுமி கேட் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்பா போய்விட்டார் என்று உறுதியானதும், டீச்சரின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

“பேசினா பேசட்டும் டீச்சர். பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு இன்னும் நாலு புதன்கிழமைதான் இருக்கு. அம்மாவுக்குக் கணக்கு மட்டும் இன்னும் சரியா வரல!”