தோத்தவன் பை

"1971-ல பாகிஸ்தான் படை சரணடைஞ்ச ஊர் எது?"

பிளெஸ்ஸி கேட்டதும் வெங்கட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ரயில் பூதலப்பட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"பாகாலா."

ரேகா குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் துப்பியே விட்டாள். ஜெபசிங் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

பிளெஸ்ஸிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "டாக்காடா! சின்னப் பசங்க கூட சொல்லுவாங்க. எழுந்திரு."

சித்தூரில் ஏறித் திருப்பதி காலேஜுக்குப் போகும் இந்த நாலு பேருக்கும் தினமும் இதே விளையாட்டுதான். ராணுவ வரலாறு. மாற்றி மாற்றிக் கேள்வி. அடுத்த ஸ்டேஷனான பாகாலாவில் கூட்டம் ஏறிவிடும், சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதற்குள் முடித்துவிட வேண்டும். கடைசியாகத் தப்பு சொன்னவர் திருப்பதி வரை நிற்க வேண்டும். அவர் பை மட்டும் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வரும்.

"தோத்தவனவிட அவன் பைக்கு மரியாதை ஜாஸ்தி." சட்டம் போட்டதே பிளெஸ்ஸிதான்.

இந்த வாரம் பூரா வெங்கட்தான் நிற்கிறான். அதுதான் அவளுக்கு எரிச்சல். சித்தூரை விட்டதும், "1918-ல ஹைஃபாவ குதிரையில போய்ப் புடிச்சது யாரு?" என்று ஜெபசிங் கேட்டபோது, "ஜோத்பூர் லான்சர்ஸ். மைசூர்காரங்களும் கூட இருந்தாங்க" என்று பட்டென்று சொன்னவன் இவன். ஹைதர் அலி கடைசி மூச்சை விட்டது நம்ம சித்தூர்ப் பக்கம் என்பதும் இவனுக்குத்தான் தெரிந்திருந்தது. கஷ்டமானது தெரியும், சுலபமானது தெரியாதா?

"திமிராடா உனக்கு?" என்றாள். "சனிக்கிழமை குவிஸ். டீமுக்கு மூணு பேர்தான். ஜெயிச்சா விசாகப்பட்டினம். நீர்மூழ்கிக் கப்பலுக்கு உள்ளயே போய்ப் பாக்கலாம்னு எங்க காது கிழியப் பேசினவன் நீதான?"

"ஆமா."

"கடைசி சான்ஸ். கார்கில் போர் எந்த வருஷம்? சொன்னா டீம்ல நீ. இல்லன்னா ஜெபசிங்."

வெங்கட் மறுபடியும் வெளியே பார்த்தான். ரயில் வேகம் குறைந்தது.

"தெரியல."

"சரி. நீ அவுட்."

அவன் பையைச் சீட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

பாகாலா வந்தால் பிளெஸ்ஸி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். திருப்பதியில் ரேகா உலுக்கினால்தான் எழுவாள். இன்றைக்கு இருந்த கடுப்பில் தூக்கம் வரவில்லை.

கூட்டத்தோடு ஒருவர் ஏறினார். செக்யூரிட்டி சட்டை. மார்பில் ராணுவ மெடல் பட்டை. ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து வந்தார். பேண்ட்டுக்குக் கீழே வலது பக்கம் பொய்க்கால் தெரிந்தது.

பிளெஸ்ஸி சட்டென்று எழுந்தாள். "சார், உக்காருங்க."

"உன்ன கேட்டனா?" என்று சீறினார் அவர். "கால் போனா ஆள எழுப்பிட்டு உக்காரணுமா? கார்கில்ல நின்னவன் நானு. திருப்பதி வரைக்கும் நிக்க மாட்டனா? உக்காரும்மா!"

பிளெஸ்ஸி பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவர் கண் எதிர்ச் சீட்டில் இருந்த பையின் மேல் விழுந்தது. முகம் மாறியது. வெங்கட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாடா, இன்னிக்கும் தோத்துட்டியா?"

"ஆமா சார்."

"பை தான உக்காந்துகினு இருக்குது? எடு, எடு. பைய எழுப்பினா தப்பில்ல."

வெங்கட் பையை எடுத்தான். அவர் உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டி, பெருமூச்சு விட்டார். "ஒரு நாளாவது படிச்சிட்டு வாடா, மக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிளெஸ்ஸி ஜெபசிங்கை இடித்தாள்.

"போன வாரம் நான் எழுந்தேன்," என்று கிசுகிசுத்தான் அவன். "இதே திட்டுதான். அதுக்கப்புறம்தான் இவன் தோக்க ஆரம்பிச்சான்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவ. அவரு காதுல வுழுந்தா அப்புறம் உக்காருவாரா?"

பிளெஸ்ஸி போனை எடுத்தாள். டீம் பட்டியலில் ஜெபசிங் இடத்தில் வெங்கட் பேரைப் போட்டு அனுப்பினாள். எட்டிப் பார்த்த ஜெபசிங், "கரெக்ட்" என்பது போலத் தலையாட்டினான்.

மறுநாள் காலை. பூதலப்பட்டு தாண்டியாயிற்று.

"இன்னிக்கு கடைசிக் கேள்வி எனக்கு," என்றாள் பிளெஸ்ஸி. "கேளுடா வெங்கட்."

வெங்கட் தயங்கினான். "எது கேக்கறது?"

"நேத்து நான் உன்ன கேட்டதையே கேளு."

"1971-ல பாகிஸ்தான் படை சரணடைஞ்ச ஊர் எது?"

இதுவரை ஒரு நாளும் தோற்காத பிளெஸ்ஸி எழுந்து நின்றாள். தன் பையைச் சீட்டில் நிமிர்த்தி வைத்தாள்.

"பாகாலா," என்றாள்.